உரலில் ஒரு பிடி சாமை

ஓடுகிறார் அப்பா. வேட்டி முள்ளில் சிக்கிக் கிழிகிறது. நிற்கவில்லை. கேமராவோடு நான் பின்னால் ஓடுகிறேன்.

"வந்துட்டானுங்க! வூட்ட வுட்டு வெளிய வாங்க!"

யாரும் வரவில்லை. வருவதற்கு அங்கே ஒரு வீடும் இல்லை. வளைவுக்கு அந்தப் பக்கம் ரோடு போடுகிறார்கள். பொக்லைன் பாறையைச் சுரண்டுகிறது. க்ர்ர்ர். நிற்கிறது. மறுபடியும் க்ர்ர்ர். அந்தச் சத்தம்தான் அவரைத் துரத்துகிறது.

"வெள்ளச்சீ! போவாத! வுட்டுட்டு வா!"

வெள்ளச்சி என் அம்மா. செத்துப்போய் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது.

மைக் என் தங்கை செல்வியின் கையில் இருந்தது. தலையில் ஹெட்போன். அம்மா பெயரை அப்பா வாயால் அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. அதுவும் நேராகக் காதுக்குள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் போளூரில் கல்யாண வீடியோ எடுப்பவள். "மாப்ள, கொஞ்சம் சிரிங்க" என்று கத்தியே பிழைக்கிறேன். ஜவ்வாது மலையில் எங்கள் ஊரை இடித்து எங்களை விரட்டினார்கள். அதைப் படமாக எடுக்க வேண்டும் என்பது என் ஆசை. செல்வியின் ஆசை வேறு. அம்மாவுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. அப்பா வாய் திறந்து அவளைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் போதும் அவளுக்கு. கேமரா முன்னால் சொல்வார் என்று நம்பினோம். எங்கே? கல்லுளிமங்கன். புளியமரம் நின்ற இடத்தைக் காட்டினார். சாமைக் கொல்லையைக் காட்டினார். மாடு கட்டிய இடத்தைக்கூடக் காட்டினார். அம்மாவை மட்டும் தொடவே இல்லை.

ஊரை இடித்த அன்று எனக்கு ஏழு வயது. அறுப்பு முடிந்திருந்தது. காலை வேளை. முதலில் சத்தம். பிறகு புழுதி. பிறகு ஆட்கள். யார் அனுப்பினார்கள் என்று இன்றுவரை எவனும் சொல்லவில்லை. முதல் வீட்டுச் சுவர் விழுகிறது. தொம். எல்லோரும் ஓடுகிறோம். அம்மா கைக்குழந்தை செல்வியை என் இடுப்பில் ஏற்றுகிறாள். திரும்புகிறாள். வீட்டைப் பார்த்து ஓடுகிறாள்.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பிழைப்புக்காகக் கீழே இறங்குகிறவர்கள் வாசல் உரலில் ஒரு பிடி சாமை போட்டுவிட்டுப் போவார்கள். உரலில் தானியம் கிடந்தால் அது ஆள் இருக்கும் வீடு. திரும்பி வரும்வரை யாரும் அதைத் தொடமாட்டார்கள். பட்டாவாவது கிட்டாவாவது, எங்களுக்கு அதுதான் எல்லாம். சாமையைப் பார்த்தால் பொக்லைன்காரனும் நின்றுவிடுவான் என்று நினைத்துவிட்டாள், பைத்தியக்காரி. போட்டும் விட்டாள். நிமிர்வதற்குள் சுவர் அவள் பக்கம் சாய்ந்தது.



அவளை அங்கேயே புதைத்தோம். பிறகு காப்பித் தோட்டம், செங்கல் சூளை, கடைசியில் போளூர். படம் எடுக்கத்தான் மறுபடி அந்த மலை ஏறினோம்.

அப்பாவின் ஓட்டம் எங்கள் வாசல் உரலருகே நின்றது. தரைப் பாறையில் குடைந்த உரல். அதனால் தப்பித்தது. உள்ளே மழைத்தண்ணீர், மக்கிய இலை. பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். சாலை வேலைக்காரர்கள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

போளூர் திரும்பியதும் அந்தக் காட்சியைக் கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்டினேன்.

"ப்பா, கஷ்டமா இருந்தா சொல்லு. இத வெட்டிர்றேன்."

"வெட்டாதக்கா" என்று செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கும் இப்டித்தான் கத்துனேன். மிஷின் சத்தத்துல அவ காதுல வுழல. இருக்கட்டும். இப்பனாச்சும் வுழட்டும்."

வெட்டவில்லை. படத்தின் முடிவில் போனவற்றை மட்டும் எழுத்தில் போட்டிருக்கிறேன். பதினோரு வீடு. ஒரு புளியமரம். பக்கத்து வீட்டுக் காளை இரண்டு. அந்த வருடத்துச் சாமை முழுக்க. எங்கள் ஊரின் பெயர், பேருந்துப் பலகையிலிருந்தும் போய்விட்டது. வெள்ளச்சி. சாகும்போது அவளுக்கு இப்போதைய செல்வியைவிட வயது குறைவு.