ஈப்பிடிக் குடுவை

அன்று நாங்கள் கட்டிக்கொண்டு போன சோற்றுருண்டைக்குள் இருந்தது ஊறுகாயா, சுட்ட மீனா என்று எனக்கு இப்போது உறுதியாகத் தெரியவில்லை. ஊறுகாய் என்றுதான் முதலில் உங்களிடம் சொன்னேன். நேற்றிலிருந்து மீன் என்று தோன்றுகிறது. சின்ன விஷயத்திலேயே தடுமாறுகிறவன் பெரிய விஷயத்தை எப்படிச் சரியாகச் சொல்வான் என்று நீங்கள் நினைக்கலாம். நியாயம்தான். ஆனால் மனிதனுக்கு எல்லாமே ஒரே மாதிரி மனதில் தங்குவதில்லை. சோறு மறந்துவிட்டது. மண் சரிந்த ஓசை மறக்கவில்லை. அது அப்படியொன்றும் பெரிய ஓசை இல்லை. பக்கத்து அறையில் யாரோ கனத்த போர்வையை உதறிப் போட்டது போல இருந்தது, அவ்வளவுதான்.

நான் பயந்த சுபாவம் உள்ளவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்தது எல்லாவற்றுக்கும் காரணம் அந்தப் பயம்தான்.

மோஜித் துறைமுகத்துக்குப் பின்னால் மலை எழும்புகிற இடத்தில், அந்தக் காலத்துக் கப்பல்காரர்களும் மருந்துக்கடைக்காரர்களும் வீடு கட்டி வாழ்ந்தார்கள். வீட்டுக் குப்பையைப் பின்பக்கச் சரிவில் கொட்டினார்கள். வீடுகள் போய்விட்டன. குப்பை இருக்கிறது. மூங்கில் சருகைத் தள்ளி முழங்கை ஆழம் தோண்டினால் கறுத்த சாம்பல் அடுக்கு வரும். அதற்குள் மருந்துப் புட்டி, மைப் புட்டி, சோடாப் புட்டி, முகக் களிம்புக் குப்பி என்று வரிசையாகத் தூங்கிக்கொண்டிருக்கும். பாம்பும் குளவியும் அடங்கிய பிறகு, குளிர்காலத்தில்தான் எங்களைப் போன்றவர்கள் மலைக்குப் போவோம். நாற்பது ஆண்டுகள் நான் பொய்ப்பல் கட்டும் வேலை பார்த்தவன். நுணுக்கமான பொருளைக் கையில் வைத்துக்கொண்டு மூச்சை அடக்கி உட்கார்ந்திருப்பது எனக்குப் பழக்கம்.

குசுமோத்தோ துறைமுகத்தில் பளுதூக்கி எந்திரம் ஓட்டியவன். சத்தமாகப் பேசுவான், சத்தமாகச் சிரிப்பான். புட்டியைக் கண்டால் மேல்சட்டையில் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வான். பைக்குள் புட்டிகள் உரசும் சத்தத்தில் எனக்குப் பல் கூசும். ஆனாலும் அவன்தான் என் நண்பன். குடைந்துகொண்டு உள்ளே போக அவனுக்குப் பயமே கிடையாது. நான் வெளியே நின்று அவன் தள்ளிவிடும் மண்ணைச் சலிப்பேன்.

எங்களுக்குள் இரண்டு வழக்கங்கள் இருந்தன. ஒன்று, கிடைத்ததையெல்லாம் கடைசியில் ஒரு துண்டின்மேல் பரப்பி, கல்-காகிதம்-கத்தரி போட்டு, ஜெயித்தவன் முதலில் எடுப்பது. இரண்டாவது, தோண்டிய குழியை மூடாமல் இடத்தை விட்டு நகரக்கூடாது. சரிவின் சொந்தக்காரி ஹோரினோ அம்மாள் எங்களிடம் கேட்டது அது ஒன்றைத்தான். அந்த வழியாக மூங்கில் குருத்து வெட்டப் போகிறவர்கள் குழிக்குள் காலை விட்டுவிடுவார்கள் இல்லையா. புட்டி தோண்டுகிறவனின் யோக்கியதை அவன் மூடிய குழியில்தான் தெரியும் என்பேன் நான்.

குசுமோத்தோ மண்ணைக் காலால் தள்ளிவிட்டு, மேலே ஒரு மிதி மிதித்து, முடிந்தது என்பான். நான் அடிமண்ணை அடியிலும் மேல்மண்ணை மேலேயும் போட்டு, தட்டி, சருகை முன்பு கிடந்த பக்கம் பார்த்துப் பரப்புவேன்.

"நகா மூடின குழிமேல விருந்தாளியைப் படுக்க வைக்கலாம்" என்று என்னைக் காட்டித் தன் மனைவி தோஷியேயிடம் சொல்லிச் சிரிப்பான். "மெத்தை விரிச்ச மாதிரி இருக்கும். தலையணைதான் பாக்கி."

"நீங்க மூடினா காட்டுப்பன்னி வந்துட்டுப் போன மாதிரி இருக்கும். நகமத்சு சான்கிட்டக் கத்துக்கோங்க" என்பாள் அவள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அவன் வழக்கம்போல வீட்டிலிருந்து நடந்து வந்தான், நான் காரில் போனேன். சாம்பல் அடுக்கு மூங்கில் வேர்களுக்கு அடியில் உள்நோக்கிப் போயிற்று. மேலிருந்து வெட்டி இறங்குவதுதான் முறை. ஆனால் புட்டி தோண்டுகிறவன் எவனும் கண்ணாடி போகிற பக்கம்தான் போவான். குசுமோத்தோ குப்புறப் படுத்து, தலையை உள்ளே விட்டு, இடுப்புவரை போய்விட்டான். கொஞ்ச நேரம் அவன் பேசவில்லை. அவன் பேசாமல் இருந்தது எனக்குப் புதிது.

பிறகு ஒரு கை மட்டும் பின்னால் வந்தது. அதில் ஈப்பிடிக் குடுவை இருந்தது.

நீங்கள் அதைப் பார்த்திருக்கிறீர்கள், ஆனால் கையில் எடுத்திருக்க மாட்டீர்கள். அடியில் துளை உள்ள கண்ணாடிக் குடுவை, மூன்று சின்னக் கால்கள். கீழே சோற்றுப் பருக்கை வைத்தால் ஈ உள்ளே ஏறும், வெளியேற வழி தெரியாமல், உள்ளே ஓரத்தில் ஊற்றி வைத்த தண்ணீரில் விழும். ஊதிச் செய்த மெல்லிய கண்ணாடி என்பதால் மண்ணுக்குள் முழுசாக எவனுக்கும் கிடைத்ததில்லை. என்னிடம் பதினெட்டு வருஷமாகச் சேர்த்த துண்டுகள்தான் இருந்தன. இதில் ஒரு கீறல் இல்லை. இளநீலம். உள்ளே குமிழிகள், யாரோ விட்ட மூச்சு அப்படியே நின்றது போல.

"இன்னிக்குக் கல்லும் கிடையாது, கத்தரியும் கிடையாது" என்றான் குசுமோத்தோ உள்ளேயிருந்து. "இது எனக்கு. சொல்லிட்டேன்."

"வழக்கம் அப்படி இல்லையே" என்றேன்.

"வழக்கத்தைத் தூக்கி அடுப்புல போடு. தோஷியே பூ வைக்க ஏதாவது கொண்டாங்கன்னு ரொம்ப நாளா நச்சரிக்கறா. ஓரத்துல தண்ணி ஊத்தி, மேல் வாய்ல நாலு காட்டுப்பூவைச் சொருகினா ஜோரா இருக்கும்."

அவர்கள் வீட்டுச் சன்னல் விளிம்பு எனக்குத் தெரியும். அதில் பூனை நடக்கும். ரயில் போனால் அந்தச் சன்னல் அதிரும். குடுவை உடைந்து தரையில் கிடப்பதை என் கண்ணாலேயே கண்டுவிட்டேன். அன்று முழுவதும் எனக்கிருந்த பயங்களில் அதுதான் முதலாவது.

"மூடி?" என்று கேட்டேன். இந்த வகைக் குடுவையின் மேல்வாய்க்கு ஒரு கண்ணாடி மூடி உண்டு.

"உள்ளதான் கிடக்கும். இன்னும் ஒரு முழம் போனாத் தெரியும். போகவா?"

அவன் கேட்டான். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும், அவன் என்னைக் கேட்டான். மேலே மூங்கில் தூருக்குப் பின்னால் தரையில் ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. காலையில் இல்லாதது. அதற்குள் சருகுகள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன. அதை நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். மூடி கிடைத்ததும் வெடிப்பைப் பற்றிச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

"போ" என்றேன்.

அவன் காலணிவரை உள்ளே போனான். அப்புறம் அந்தப் போர்வை உதறிய ஓசை. அவன் கால்கள் இருந்த இடத்தில் மண் இருந்தது. மூங்கில்கள் கொஞ்சம் சாய்ந்து நின்றுகொண்டன. ஒரு பறவைகூடக் கத்தவில்லை.

நான் அசையவில்லை. கையில் குடுவை இருந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது. அப்போது மண்ணுக்குள்ளிருந்து குரல் வந்தது. குழியின் வாய்ப்பக்கத்தில் கையளவு இடைவெளி அடையாமல் இருந்தது, அதன் வழியாக.

"நகா. இடுப்புக்குக் கீழ மாட்டிக்கிச்சு. தலைப்பக்கம் காலியாத்தான் இருக்கு. மூச்சு விடலாம். அவசரப்படாத, என்ன? மெதுவா எடு."

பயப்படாதே என்று அவன் எனக்குச் சொன்னான். நான் பயப்படுவேன் என்று அவனுக்குத் தெரியும்.

குடுவையை வைக்க அங்கே சமதளம் இல்லை. எல்லாம் சரிவு. மேலே இன்னும் மண் உதிர்ந்துகொண்டிருந்தது. ஆகவே முதலில் காருக்குப் போனேன். ஓடவில்லை, ஓடினால் சறுக்கும். கழுத்துத் துண்டைச் சுற்றி முன் இருக்கையில் வைத்து, இருக்கைவாரை மாட்டினேன். இதில் தவறு இருப்பதாக இப்போதும் எனக்குத் தோன்றவில்லை. கை காலியாக இருந்தால்தானே உதவ முடியும்.

திரும்பி வந்து யோசித்தேன். தீயணைப்புக்காரர்களைக் கூப்பிடலாம். வருவார்கள், பெரிய மண்வாரிகளோடு. அந்த அடுக்கு முழுக்க நொறுங்கும். அவன் வெளியே வருவான், வந்ததும் குடுவை எங்கே என்று கேட்பான். ஞாயிறு மாலைக்குள் அது சன்னல் விளிம்பில் இருக்கும்.

குழியோ பாதி திறந்து கிடந்தது.

நான் மண்வாரியை எடுத்தேன். முதலில் அடிமண்ணைப் போட்டேன்.

மண்வாரி உரசும் சத்தம் அவனுக்குக் கேட்டிருக்கிறது. "அப்படித்தான். நல்லாக் கேக்குது" என்றான். குரலில் சந்தோஷம். "இந்தப் பக்கம் கொஞ்சம் மண்ணு விழுது. பரவால்ல. இன்னும் கொஞ்சம்தான் நகா, இன்னும் கொஞ்சம்." என்னை உற்சாகப்படுத்திக்கொண்டே இருந்தான். ஊருக்குப் போனதும் எனக்கு ஊதுமீன் வாங்கித் தருவதாகச் சொன்னான். "உனக்குப் பயம்னு தெரியும், அதனால விஷம் இருக்கற ஈரலைத் தள்ளிட்டுத் தரச் சொல்றேன்" என்று சிரித்தான். அந்தச் சிரிப்புதான் எனக்குத் தாங்க முடியாத பயமாக இருந்தது. நான் வேகமாகப் போட்டேன். இடைவெளி அடைந்த பிறகும் ஏதோ கேட்டது. சொற்கள் இல்லை. மேல்மண் போட்டுத் தட்டினேன். மூங்கில் சருகைப் பரப்பினேன். சரிவு நாங்கள் வருவதற்கு முன் எப்படி இருந்ததோ அப்படி ஆயிற்று.

அன்று எனக்குச் சளி, வீட்டைவிட்டு வரவில்லை, அவன் எந்தப் பக்கம் போனான் என்று தெரியாது. தோஷியேயிடம் சொன்னது இதுதான். அவள் நம்பினாள். எனக்கு இஞ்சிக் கஞ்சி வைத்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத்தான் காவல் நிலையத்துக்கே போனாள்.

அதற்குப் பிறகு எனக்கு வந்த நாட்கள் யாருக்கும் நேரக்கூடாது என்று நினைக்கிறேன். என் வீட்டு அலமாரிகளில் அறுநூறு புட்டிகளுக்கு மேல். நீரிணையில் கப்பல் ஊதினால் அவை எல்லாம் மெல்ல ரீங்கரிக்கும். முன்பு எனக்கு அது பிடிக்கும். இப்போது அந்த ரீங்காரத்துக்குள், புட்டி வாய்களிலிருந்து, இன்னும் கொஞ்சம்தான் என்று கேட்டது. செய்தித்தாளைக் கிழித்து உருட்டி எல்லா வாய்களையும் அடைத்தேன். ஈப்பிடிக் குடுவைக்கு அடியிலும் ஒரு வாய் இருக்கிறது. அதை மட்டும் மடியில் வைத்து, மேல்வாயைக் கையால் பொத்திக்கொண்டு பகலெல்லாம் உட்கார்ந்திருந்தேன்.

தேடுகிறவர்களுக்கு வழிகாட்ட என்னைத்தான் கூப்பிட்டார்கள். மற்றப் பள்ளங்களுக்கெல்லாம் கூட்டிப் போனேன். கடைசியில் தோஷியேதான் ஹோரினோ அம்மாளின் சரிவுக்கும் போகலாம் என்றாள். ஊர்த் தீயணைப்புப் படைப் பையன்கள் முன்னால் போய்விட்டார்கள். அவள் மட்டும் சாய்ந்த மூங்கில்களுக்குப் பக்கத்தில் நின்றாள். தரையைப் பார்த்தாள். அங்கே பார்க்க எதுவுமே இருக்கவில்லை. இருந்திருந்தால்தான் அவள் தாண்டிப் போயிருப்பாளோ என்னவோ. சுற்றிலும் பன்றி கிளறிய மண், நடுவில் ஒரு பாய் அகலத்துக்கு மட்டும் ஒழுங்கு.

தரையைப் பார்த்தபடியே சொன்னாள். "இங்கதான் எங்க வீட்டுக்காரர் தோண்டியிருக்கார். அரைகுறையா மூடியிருக்கறதப் பாத்தாலே தெரியுது. அலங்கோலம்."

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். ஆனால் அவள் சொன்னது உண்மை இல்லை. யாராயிருந்தாலும் அதைச் சொல்லியிருப்பார்கள்.

"இது அவன் மூடினது இல்லை" என்றேன்.

அவள் திரும்பினாள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடந்தாள், ஓரடி, இன்னோரடி. அவள் கால் ஒரு வேரில் இடறியது, அப்போதும் கண்ணை எடுக்கவில்லை. என்னைப் பார்த்து ஒருவர் அப்படிப் பயந்ததை நான் முன்பு கண்டதில்லை. நான் அவளுக்கு என்ன செய்துவிடப்போகிறேன். பிறகு மண்டியிட்டு, விரல்களால் சருகை விலக்கத் தொடங்கினாள்.

மற்றவை உங்களுக்குத் தெரியும். குசுமோத்தோவைக் கையாலேயே தோண்டி எடுத்தார்கள். அன்று சாயங்காலம்வரை அவனுக்கு உயிர் இருந்திருக்கும் என்று மருத்துவர் சொன்னாராம். அவன் சாம்பல் அவன் அப்பாவின் கல்லறையில் வைக்கப்பட்டது. தோஷியே வீட்டைப் பூட்டிவிட்டுப் பூனையோடு பெப்பு ஊரில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். ஹோரினோ அம்மாள் சரிவைக் கம்பி போட்டு அடைத்துவிட்டாள், இனி யாரும் தோண்ட முடியாது. என் புட்டிகள் ஏதோ கிடங்கில் அட்டைப்பெட்டிகளில் இருக்கின்றன. குடுவை உங்கள் அலுவலகத்தில் எண் ஒட்டி இருக்கிறது. நான் இங்கே இருக்கிறேன்.

அவனுடைய வலது கை இறுகியிருந்ததாகவும், விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்ததாகவும் சொன்னீர்கள். உள்ளே இருந்ததைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் காட்டினீர்கள். மூடிதான். அதே இளநீலம், ஓரம்கூடச் சிதையவில்லை. பொருத்திப் பார்க்கிறேன் என்றதற்கு நீங்கள் சம்மதிக்கவில்லை.

ஊதுமீனைப் பற்றி அவ்வளவு பேசினான். இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூடி கிடைத்துவிட்டது என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும், அந்த நிமிஷமே மண்வாரியைத் திருப்பிப் பிடித்திருப்பேன். நண்பனை மண்ணுக்குள் விட்டுவிட்டுப் போகிறவன் இல்லை நான்.