வேதனை வந்தால்

மொழிபெயர்ப்பைப் போல நன்றிகெட்ட வேலை வேறு இல்லை. பேசுகிறவர்கள் இரண்டு பேர், தொண்டை வறள்வது நடுவில் உட்கார்ந்திருப்பவளுக்கு.

கேரள எல்லையோரம் வடகரப்பதியில் பிறந்து மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்ததால் இந்த வேலை என் தலையில் விழுந்தது. கொழுந்தனார் மனைவி யோகப்பிரியா காங்கயத்துப் பெண். பஸ் பலகையைக் காட்டி, "இது எந்த ஊருங்க்கா?" என்று கேட்பதோடு அவள் மலையாளம் முடிந்துவிடும். கொழுந்தனார் லாரியில் தேங்காய் ஏற்றிப் போனால் வர நாளாகும். எனவே அவளுக்கு இடது தொடை இடுக்கில் வலி வந்தபோது, ஆஸ்பத்திரித் துணைக்கு வீட்டில் யாரும் வேறு ஆள் தேடவில்லை.

வலிக்குக் காரணம் வள்ளிக் கும்மி. அவளை அந்தப் பயிற்சிக்குக் கூட்டிப்போனதே நான்தான். முன் வரிசையில் நடுவில் ஆடிக்கொண்டிருந்ததும் நான்தான். ஆசிரியர் ஈஸ்வரமூர்த்தி அவள் முழங்காலைத் தூக்கி ஆடும் அழகைப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"ஏனுங்க அம்மிணி, நீங்க மூணாவது வரிசைக்கு வந்துருங்க. பின்னாடி நிக்கறவங்க உங்களைப் பார்த்துத்தான் அடி வெக்கோணும்."

பெரிய மரியாதைதான். முன் வரிசை வீடியோவில் வரும், மூன்றாம் வரிசைக்கு மரியாதை வரும். என் இடத்தில் அவளை நிறுத்தினார். எனக்கு எரிந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. அவள் அந்தப் பெருமையில் வீட்டிலும் ஓயாமல் ஆடிப் பழகி வலியை வரவழைத்துக்கொண்டாள். அதுவரைக்கும் எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பிசியோதெரபி பார்க்கும் ஷிஜி கண்ணூர்க்காரி, தமிழ் கொஞ்சமும் புரியாது. இடுப்பை மடக்கும் தசைநாரில் காயம், உடற்பயிற்சியிலேயே சரியாகும், கும்மி அரங்கேற்றத்துக்கு ஆடிவிடலாம் என்றாள். மல்லாந்து படுத்து, மடக்கிய முழங்காலை உள்ளங்கையால் தடுத்து மெதுவாக அழுத்த வேண்டும். வலி அடங்கிய பிறகுதான் பாதத்தில் ரப்பர் பட்டை மாட்டித் தூக்க வேண்டும். ஒருநாள் செய்தால் மறுநாள் ஓய்வு. காலைத் தொங்கவிட்டுப் பின்னுக்கு இழுக்கவே கூடாது. கடைசியில் விரலை உயர்த்தி, "வேதனிச்சால் அப்போள் நிர்த்தணம்" என்றாள். வலித்தால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

"வேதனைன்னு என்னமோ சொன்னாங்களேக்கா?" என்றாள் யோகப்பிரியா.

அந்த ஒரு சொல் அவள் காதில் விழுந்துவிட்டது. நான் எதையும் வீணாக்குகிறவள் இல்லை.

"வேதனை வருமாம் கண்ணு. வந்தாத்தான் கொணமாவுதுன்னு அர்த்தமாம். நிறுத்திப்போடக் கூடாதாம்."

மீதியையும் அதே அக்கறையோடு மொழிபெயர்த்தேன். ஓய்வு நாள் வழியில் எங்கேயோ உதிர்ந்துவிட்டது. ரப்பர் பட்டை முதல் நாளே வந்துவிட்டது. கட்டில் விளிம்பில் அவளைப் படுக்கவைத்து, தொங்கும் காலைத் தினமும் நானே கீழே அழுத்தினேன். அவள் தலையணையைக் கடித்துக்கொள்வாள். "உங்களுக்குத்தாங்க்கா சிரமம்" என்பாள். எனக்கும் தோள்பட்டை வலித்தது, யாரும் கேட்கவில்லை. "கூடப் பொறந்தவ கூட இப்படிப் பாக்கமாட்டா" என்று மாமியார் தெருவெல்லாம் என்னைப் புகழ்ந்தார்.

இடையில் ஒருநாள், வலி குறைந்ததா என்று ஷிஜி கேட்டாள். "தாங்க முடியலைங்க" என்றாள் யோகப்பிரியா. நன்றாகக் குறைந்திருக்கிறது, இவள் கொஞ்சம் அழுமூஞ்சி என்று மலையாளத்தில் சொன்னேன்.

அரங்கேற்றத்தில் முன் வரிசையில் நான் ஆடினேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து எனக்கு வீடியோ எடுத்தாள். பாதிப் படத்தில் என் தலையே இல்லை.

இன்று ஷிஜி ஸ்கேன் படத்தைப் பார்த்தாள். தசைநார் அறுந்திருக்கிறது. ஆபரேஷன் செய்தாலும் அவள் விந்தாமல் நடப்பாளா என்று சொல்ல முடியாதாம், ஆட்டம் இனி இல்லையாம். வீட்டில் என்ன செய்தாய், காட்டு என்று சைகை செய்தாள். யோகப்பிரியா சொன்னபடி கேட்கிற பிள்ளை. மேசை விளிம்பில் படுத்து, காலைத் தொங்கவிட்டு, அழுத்துவதற்கு என் கையைத் தேடினாள்.

இப்படிச் செய்யச் சொன்னது யார் என்று ஷிஜி என்னிடம் கேட்டாள்.

நான் பொய் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன், தெரிந்தேதான் சொன்னேன், இவள் ஆடக் கூடாது என்றுதான் அழுத்தினேன் என்று ஒன்றுவிடாமல், நல்ல மலையாளத்தில், யோகப்பிரியாவை வைத்துக்கொண்டே சொன்னேன். முகத்துக்கு நேராக ஒத்துக்கொள்ளும் நேர்மை எத்தனை பேருக்கு வரும். ஷிஜி வெளுத்துப்போய், தமிழ் தெரிந்த நர்ஸைக் கூட்டிவர ஓடினாள்.

யோகப்பிரியா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க்கா இப்படிக் கோவமாப் போறாங்க? நீங்க என்ன சொன்னீங்க?"

"நீ இன்னுங் கொஞ்சம் அழுத்திப் பண்ணியிருக்கோணுமாம் கண்ணு. அதான் கோவம்."

வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்கிறது. வருகிற நர்ஸ் எந்த ஊர்க்காரியோ, பட்டென்று போட்டு உடைத்துவிடுவாள். எனக்கு இவளை நினைத்தால்தான் கவலையாக இருக்கிறது. இதையெல்லாம் பக்குவமாக எடுத்துச் சொல்ல, பாவம், என்னைவிட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்.