மேல்பிரிவுக் கடிதங்கள்

முழங்கால் வலி இருந்தாலும் தேயிலைத் தோட்டத்து மேல்பிரிவு ஏற்றத்தை இன்னும் ஒரே மூச்சில் ஏறிவிடுவேன், சுமன். தேர்தல் நோட்டீசில் போட என் சேவைகளைச் சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன். பேனாவை மூடி வைத்துவிட்டு முதலில் கேளுங்கள்.

எங்கள் லய வரிசை வீடுகளுக்குத் தனி விலாசம் கிடையாது. யாருக்குக் கடிதம் வந்தாலும் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். அங்கேயே கிடந்து மக்கிப்போனவை எத்தனையோ. இருபத்திரண்டு வயதில் நான் அவற்றை வாங்கி வீடு வீடாகக் கொடுக்க ஆரம்பித்தேன். சிங்களத்தில் இருந்தால் படித்தும் சொல்வேன். யாரும் கேட்டுச் செய்யவில்லை. அந்த வருடங்களை நினைத்தால் மட்டும்தான் எனக்கு வெட்கமாக இல்லை.

ஒருமுறை இராமையா அண்ணனுக்குத் தபாலில் வந்த அடையாள அட்டை என் பையிலேயே இரண்டு நாள் தங்கிவிட்டது. மறதிதான். அதற்குள் அவர் வந்து, அட்டை இன்னும் வரவில்லை, அதிகாரிகளிடம் கொஞ்சம் பேசிப் பாருங்கள் என்று கெஞ்சினார். மறுநாள் கொடுத்ததும், நான் பேசித்தான் வந்தது என்று லயம் முழுக்கச் சொல்லிவிட்டார். நான் மறுக்கவில்லை. அதன்பிறகு எல்லாக் கடிதமும் என்னிடம் இரண்டு மூன்று நாள் தங்கின. யாருக்கும் நட்டமில்லை. அப்படித்தான் நான் தோட்டத் தலைவரானேன்.

போன பிரதேச சபைத் தேர்தலில் முதல்முறையாக நின்றேன். அப்போது வேலாயி அக்காவின் மகள் வினோதாவுக்கு இருதய வால்வில் கோளாறு. இருபத்துமூன்று வயது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவள் நாலு படி ஏற முடியாமல் வீட்டோடு இருந்தாள். ஆப்பரேஷனுக்குக் கொழும்பிலிருந்து தேதி வர வேண்டும். அக்கா தினமும் வேலை விட்டு வரும்போது என் வாசலில் நிற்பார்.

"கடுதாசி வந்துச்சுங்களா?"

மூன்றாம் தேதி வந்தது. பதினாலாம் தேதி காலை எட்டு மணிக்கு வந்து சேரச் சொல்லியிருந்தது. ஒன்பதாம் தேதி கோயில் முன்னால் எனக்குக் கூட்டம். அக்காவை மேடைக்கு அழைத்து, எல்லோர் முன்னாலும் கையில் கொடுக்கலாம் என்று நினைத்தேன். அதற்குப் பிறகும் ஐந்து நாள் இருக்கிறதே, போதாதா?

ஒன்பதாம் தேதி மழை. கூட்டத்தைப் பன்னிரண்டுக்கு மாற்றினோம். அன்றும் மழை, பதினாறு என்றார்கள். பதின்மூன்றாம் தேதி காலை அக்கா வந்து நின்றார். கடிதம் உள்ளே அலமாரியில் இருந்தது. இப்போது கொடுத்தால், தபால் முத்திரையில் தேதியைப் பார்த்து, இத்தனை நாள் எங்கே இருந்தது என்று யாராவது கேட்பார்கள். தேதி தவறினால் இன்னொன்று தராமலா போவார்கள், அதையும் நானே பேசி வாங்கியதாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று தோன்றியது.

"பேசிக்கிட்டுதாங்க்கா இருக்கேன்" என்றேன்.

இருபத்தோராம் தேதி வினோதா இறந்துபோனாள்.

பெட்டி, வேன், தறப்பாள் பந்தல் எல்லாம் நான்தான் பார்த்தேன். தோட்டத்துப் பிள்ளை என்றால் ஆஸ்பத்திரிக்கு இளக்காரமா என்று அவள் படத்தைப் பிடித்துக்கொண்டு தலவாக்கலை வீதியில் ஊர்வலம் போனோம். முதல் வரிசையில் நான் நடந்தேன். முடிந்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"எங்களுக்காக எவ்வளவு அலைஞ்சீங்க தலைவரே. அவளுக்குத்தான் கொடுத்து வைக்கல."

அந்தத் தேர்தலில் நல்ல வித்தியாசத்தில் வென்றேன். முதல் வேலையாக அவள் லயத்துக்குக் கொங்கிரீட் படி போட்டுக்கொடுத்தேன். அதை நோட்டீசில் போடுங்கள், உண்மைதான்.

இதோ அந்த உறை. இத்தனை வருடத்தில் கிழித்துப் போடவும் மனசு வரவில்லை, கொடுக்கவும் வரவில்லை. நாளையிலிருந்து என் நோட்டீசை லயம் லயமாகக் கொண்டுபோகப்போவது வேலாயி அக்காதான். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை, சுமன். இனியும் இதை மறைக்க மாட்டேன். ஆறாம் தேதி வாக்களிப்பு. ஏழாம் தேதி காலையில் நானே ஏறிப்போய் இதை அக்கா கையில் கொடுத்துவிடுகிறேன்.