இருக்கு, வேற சொல்லுங்க

அந்த நாற்காலி வேண்டாம்மா, அது கதை சொல்ல வர்றவங்க உக்கார்றது. அதுல உக்காந்தீங்கன்னா எங்க வீட்டுக்காரரு உங்களையும் விடமாட்டாரு. இப்படி ஜன்னல் பக்கம் வாங்க. கதவுக்கு மேல பூட்டப் பாத்துட்டுதானே வந்தீங்க? ஆமா, வேணும்னேதான் அவ்வளவு ஒசரத்துல போட்டிருக்கேன். கை எட்டும், ஆனா அண்ணாந்து பாக்கணும்னு அவருக்குத் தோணாது. தப்பா நெனைக்காதீங்க. அவரு மட்டுமா உள்ள இருக்காரு, நானுந்தானே இருக்கேன்.

பிளம் கேக் எடுத்துக்கங்க, நேத்து செஞ்சது. உங்க முதியோர் இல்லத்துல ஞாயித்துக்கெழம ஆராதனை உண்டுன்னாங்களே, நெசமா? பாட்டெல்லாம் பாடுவாங்களா? நல்லது. நான் சர்ச் வாசல மிதிச்சே ரெண்டு வருஷம் ஆச்சு. உருளைக்கிழங்கு உரிக்கறப்ப ரெண்டு வரி பாடிக்கறதோட சரி. ஆண்டவருக்கு அது போதும்னு நெனைக்கறேன், எனக்குத்தான் போதல.

அவரப் பத்திச் சொல்லணுமா? இந்த மார்பர்க் ஊர்ல அவரத் தெரியாதவங்க கம்மி. வெண்டெலின் கிராட்ஸ்னா நாட்டுக்கதை, நாட்டுக்கதைன்னா வெண்டெலின் கிராட்ஸ். பொறந்தது காசெல்ங்கற ஊர்ல. யுத்தத்துல குண்டு போடறப்ப எல்லாரும் நிலவறைல ஒண்டிக்கிட்டு இருப்பாங்களாம். அங்க தையல்காரம்மா ஒருத்தி புள்ளைங்களுக்குக் கதை சொல்லுவாளாம். அவ கதைய நிறுத்தாத வரைக்கும் வீடு இடியாதுன்னு இவரா நம்பிக்கிட்டாரு. எட்டு வயசுப் புள்ள, வேற என்னத்த நம்பும் சொல்லுங்க.

அப்புறம் படிச்சாரு. மோட்டார் சைக்கிள் பின்னால டேப் ரெக்கார்டரக் கட்டிக்கிட்டு ஊரூரா கதை சேக்கக் கெளம்பிட்டாரு. அப்படித்தான் எங்கப்பாவோட மாவு மில்லுக்கு வந்தது. மைக்க வச்சுட்டு மொதல்ல மூணு கேள்வி கேப்பாரு. பேரென்ன, ஊரென்ன, யாருகிட்ட கேட்ட கதை. இதுக்குப் பதில் வராம டேப்ப ஓடவிடமாட்டாரு. போலீஸ்கூட எங்கிட்ட இவ்வளவு மரியாதையா கேட்டதில்ல தம்பின்னு அப்பா சிரிச்சாரு. அப்பாகிட்ட இருந்த கதையெல்லாம் தீந்துபோச்சு. அப்புறமும் வந்துக்கிட்டே இருந்தாரு. அப்பத்தான் எங்களுக்கு விஷயம் புரிஞ்சது.

கெட்ட மனுஷன் இல்லம்மா. குடி கெடையாது, கை நீட்டினது கெடையாது. ஊர்லதான் இருக்கமாட்டாரு. பையன் டெட்லெஃபுக்குச் சின்னம்மை போட்டப்ப ருமேனியா. பொண்ணு இர்ம்கார்டு பொறந்தப்ப ஃபின்லாந்து. உலகத்துல எந்தக் கதைய எடுத்தாலும் அதே ஜாடைல இன்னொண்ணு வேற தேசத்துல இருக்குமாம். ஒரே ஜாடைன்னா ஒரே நம்பர்னு படிச்சவங்க பட்டியல் போட்டு வச்சிருக்காங்க. எல்லா நம்பரும் மனப்பாடம். பதக்கம் குடுத்தாங்க, தடித் தடியா புஸ்தகம் போட்டாங்க. முன்னுரைல கடைசியா எனக்கும் நன்றி இருக்கும், டைப் அடிச்சுக் குடுத்த பொண்ணுக்கு அடுத்து.

கொஞ்சம் இருங்க. இல்லீங்க புரொஃபஸர், இவங்க கதை சொல்ல வரல, வேற வேலையா வந்திருக்காங்க. நீங்க போயி கதை எழுதின அட்டைய எல்லாம் அடுக்கி வைங்க, நான் இதோ வர்றேன். ஆமா, நல்ல அம்மாதான். போங்க.

பாத்தீங்கல்ல? புரொஃபஸர்னு கூப்பிட்டாத்தான் திரும்பிப் பாக்கறாரு. என் பேரு அவரு நெனப்புலேருந்து போயிடுச்சு. புள்ளைங்க பேரும் போயிடுச்சு. நம்பர் மட்டும் ஒண்ணுகூடப் போகலம்மா. காலைல நான் அந்த நாற்காலில போயி உக்காரணும். பேரென்னம்பாரு. ஹில்ட்ரூட்டும்பேன். ஊரு சொல்லுவேன், எங்கப்பாகிட்ட கேட்டதும்பேன். ஒரு ராஜா தோட்டத்துல தங்க ஆப்பிள் திருடு போகுதுன்னு ஆரம்பிச்சா, ஐநூத்தம்பது, இருக்கு, வேற சொல்லுங்கம்பாரு. வேற ஆரம்பிச்சா ரெண்டு வரி தாண்டாது. இருக்கும்பாரு. அப்புறம் எழுந்து கோட்ட மாட்டிக்குவாரு. ரொம்ப நன்றிம்மா, இந்த ஊர்ல கதை தெரிஞ்சவங்க வேற யாராச்சும் உண்டான்னு எங்கிட்டயே கேட்டுட்டுக் கெளம்பிடுவாரு. போன பனிக்காலத்துல வீட்டுச் செருப்போட ரயில் தண்டவாளத்து மேல நின்னாரு. அங்க வேலை செய்யற ஆளுங்ககிட்ட ஊரும் பேரும் கேட்டுக்கிட்டு. அதுக்கப்புறம்தான் பூட்டு.

பூட்டினா மட்டும் ஆச்சா? கதவப் போட்டு இடிப்பாரு, அழுவாரு. அவரு கேட்டிராத கதை இருந்தாத்தான் கோட்டக் கழட்டுவாரு. நான் எங்க போவேன்? நானா ஒண்ணு கட்டிச் சொல்லிப் பாத்தேன். நம்பர் சொன்னாரு. டிவி சீரியலச் சொல்லிப் பாத்தேன், அதுக்கும் நம்பர் வச்சிருக்காரு.

ஒரு நாள் ஒண்ணுமே வாயில வரல. ஆண்டவரே, நீங்களே பாத்துக்கங்கன்னு கண்ண மூடிக்கிட்டு, மில்லுக்காரனுக்கு ஒரு மக இருந்தா, கதை தேடி வந்த ஒருத்தன அவ கட்டிக்கிட்டான்னு சொன்னேன். பென்சிலக் கீழ வச்சுட்டாரு. இது எங்கிட்ட இல்லியேன்னாரு.

அம்பது வருஷத்துக்கு மேல ஒரே வீட்ல இருந்திருக்கோம், என் கதை அவருகிட்ட இல்லியாம்.

அதுலேருந்து தினம் கொஞ்சம் கொஞ்சமா சொல்றேன். நேத்து எழுதின அட்டைய எதுர்ல வச்சிடுவேன், அதப் படிச்சுட்டு மேல சொல்லுங்கம்பாரு. அசையமாட்டாரு. அவளுக்கு நர்ஸ் வேலைக்குப் படிக்கணும்னு ஆசை இருந்ததச் சொன்னேன். புருஷன் ஊர்ல இல்லாத ராத்திரியெல்லாம் சொன்னேன். அந்த ஆளு சுத்த மடையனா இருப்பான் போலிருக்கேன்னாரு. இல்லீங்க, நல்லவருதான்னேன். அதையும் எழுதிக்கிட்டாரு.

போன வாரம் கதை தீந்துபோச்சு. அவரு வெளிய போயிடக் கூடாதுன்னு அவ கதவப் பூட்டினா, ரெண்டு பேரும் உள்ள இருந்தாங்கன்னு முடிச்சேன். அப்புறம்னாரு. அவ்வளவுதாங்கன்னேன். மாணவங்களுக்குப் பாடம் எடுப்பாரே அந்தக் குரல் வந்துடுச்சு. உள்ள மாட்டிக்கிட்ட பொண்ணு வெளிய வராம கதை முடியாதும்மா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, எனக்கு அவசரம் இல்லன்னாரு. தினமும் அந்தக் கடைசி அட்டைய வச்சுக்கிட்டுக் கேக்கறாரு, அவ எப்ப வெளிய வந்தான்னு.

திங்கக்கெழம போலந்துலேருந்து போஷேனான்னு ஒரு பொண்ணு வர்றா, வீட்டோட தங்கி அவரப் பாத்துக்கறதுக்கு. முன்னாடியே ரெண்டு வாரம் வந்து இருந்து பாத்துட்டுத்தான் சம்மதிச்சா. ஜெர்மன் அரைகுறைதான். பாதிக் கதையக் கையாலதான் சொல்லுவா. இவரு நம்பரக் கண்டுபிடிக்கறதுக்குள்ள மத்தியானம் ஆயிடும். ரெண்டு பேருக்கும் நல்லா ஒத்துப்போகுது, கோட்டப் பத்தி நெனைப்பே வரல.

அப்புறம் எதுக்கு உங்க இல்லத்துல எடம்னு பாக்கறீங்களா? போன்ல நான் ஒருத்தருக்கு எடம் வேணும்னுதான் சொன்னேன், நீங்களும் யாருக்குன்னு கேக்கல. அவரு பேர எழுதிட்டீங்களா? பரவால்ல, அடிச்சுடுங்க. வரப்போறது நான்தான்.