நான்காவது தேர்வுக்கு ஐந்து நிமிடம்

காபி பரவாயில்லை. போலீஸ் காபி கழனித் தண்ணீர் மாதிரி இருக்கும் என்று ஆர்வில் சொல்லுவான். அவனுக்கு எதிலும் ஒரு குறை வேண்டும். நீங்கள் மேஜையில் வைத்த சாவிக்கொத்தில் பச்சை நாரை தொங்குகிறது, கவனித்தேன். நீங்களும் ஹெரன்ஸ் கூடைப்பந்து அணியின் ரசிகர்தான். வக்கீல் வேண்டாம் என்று நான் சொன்னதற்கு அதுவே காரணம். உங்களிடம் பேசினால் பாதியை விளக்க வேண்டியிருக்காது.

ஆர்வில் லிண்ட்குவிஸ்டும் நானும் டகோமா துறைமுகத்தில் ஒன்றாகக் கிரேன் ஓட்டினோம். பழைய ஸ்டேடியத்தை இடித்தபோது ஆளுக்கொரு நாற்காலி வாங்கி, என் வீட்டுக் கராஜில், சிமெண்டுத் தரையில் போல்ட் போட்டு இறுக்கினோம். அன்றிலிருந்து எல்லா டிராஃப்டையும் அதில் உட்கார்ந்துதான் பார்த்தோம். அணிகள் முறை வைத்துப் புதுப் பையன்களைப் பொறுக்கும் அந்த ஒரு மாலைக்காகத்தான் எங்களுக்கு ஜூன் மாதமே வரும். தோற்றுக்கொண்டே இருக்கும் அணியின் ரசிகனுக்கு வேறு என்ன பண்டிகை இருக்கிறது?

எங்களுக்கு ஒரே ஒரு விதி. நம் அணியின் முறை வந்து ஐந்து நிமிடக் கடிகாரம் ஓட ஆரம்பித்தால், பெயரை வாசிக்கும் வரை நாற்காலியை விட்டு யாரும் எழக் கூடாது, எழுந்தால் ராசி கெடும். இந்த விதியைப் போட்டவன் ஆர்வில். அதை முதலில் மீறியவனும் அவன்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால், கடிகாரம் ஓடும்போது மூச்சு இழுக்கிறது என்று எழுந்து போனான். கதவோரம் ஆணியில் தொங்கிய ஜாக்கெட்டிலிருந்து இன்ஹேலரை எடுத்து இரண்டு தடவை உறிஞ்சிவிட்டு வந்தான். அந்த வருடம் நாம் யாரை எடுத்தோம் என்பது உங்களுக்கே தெரியும். பதினோரு ஆட்டம் ஆடினான், முழங்கால் போனது. பையன் இப்போது கார் விற்கிறானாம்.

நான் ஆர்விலை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மனதில் மட்டும் வைத்துக்கொண்டேன்.

இந்த வருடம் நமக்கு நான்காவது தேர்வு. கோரே ஆம்ப்ரோஸ் என்ற ஏழடிப் பையன் நான்கு வரைக்கும் மிஞ்சுவான் என்று யாரும் நினைக்கவில்லை. நான் மட்டும் நினைத்தேன். ஆர்வில் நாலரை மணிக்கே வந்தான், ஜாக்கெட்டை ஆணியில் மாட்டினான், வந்ததும் வம்பை ஆரம்பித்தான்.

"ஏழடி இருந்தா ஆச்சா? தெரு முனையில நிக்கிற லைட்டுக் கம்பம்கூடத்தான் உசரம். அதையும் எடுக்கச் சொல்லேன்."

"கம்பம் ஒன்ன விட நல்லாத் தடுக்கும்டா."

"நீ வேணா பாரு கெழவா, நம்ம ஆளுங்க இதுலயும் மண்ணள்ளிப் போடுவானுங்க."

இதைச் சொல்லிவிட்டுப் பாத்ரூம் போனான். நான் எழுந்து, அவன் ஜாக்கெட்டின் வலது பாக்கெட்டிலிருந்து இன்ஹேலரை எடுத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். காரணம் எளிமையானது. அங்கே அது இல்லையென்றால் அவன் எழுந்து போக அவசியமே இல்லை. பெயர் வாசித்ததும் கொடுத்துவிடலாம் என்றிருந்தேன்.

ஐந்து மணிக்கு அவன் மனைவி மார்னி போன் செய்தாள். சாப்பாடு வாங்கிக்கொண்டு வருவதாகச் சொன்னாள்.

"வாரன், அவரு இன்ஹேலர் எடுத்துட்டு வந்தாரா? காலையிலேர்ந்தே இழுப்பு."

"இங்கதான் இருக்கு மார்னி. கவலப்படாத."

நான் பொய் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது முறைக்காரர்கள் வேறு பையனை எடுத்தார்கள். ஆம்ப்ரோஸ் மிஞ்சினான். பக்கத்து வீட்டில் யாரோ கூரை அதிரக் கத்தினார்கள். நம் கடிகாரம் ஓட ஆரம்பித்தது. ஆர்வில் சிரித்தான், சிரிப்பு இருமலானது, இருமல் நிற்கவில்லை. காலையில் அதே கராஜில் தேவதாரு பலகை அறுத்தேன், தூளைச் சரியாகக் கூட்டவில்லை. அது கவனக்குறைவு. அதை மட்டும் நான் வேண்டுமென்று செய்யவில்லை.

"என் ஜாக்கெட்ட எடுடா."

"கடிகாரம் ஓடுதுடா. நாலு நிமிஷம் பொறு."

"முடியலடா வாரன்."

மூன்று நிமிடம் நாற்பது விநாடி இருக்கும்போது அவன் எழுந்துவிட்டான். எனக்கு வந்த கோபத்தை மறைக்க விரும்பவில்லை. முப்பது வருட சிநேகிதன், இரண்டாவது தடவையாக எழுகிறான். ஜாக்கெட்டின் வலது பாக்கெட்டைத் துழாவினான், உள்பாக்கெட்டைத் துழாவினான், பிறகு அதை ஆணியிலிருந்து இழுத்து உதறினான். திரும்பி என்னைப் பார்த்தான்.

"எங்கடா?"

நான் டிவியைப் பார்த்தேன். இரண்டு நிமிடம் பத்து விநாடி. அவன் கதவைப் பிடித்தபடி மண்டியிட்டான். அவன் மூச்சின் சத்தம் எனக்குக் கேட்டது. டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினேன்.

உட்கார்ந்த இடத்திலிருந்தே தூக்கிப் போட்டிருக்கலாமே என்று நேற்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. பன்னிரண்டு அடி தூரம், என் கை குறி தப்பாது. ஆனால் ஒருவன் விதியை மீறியாகிவிட்டது, இன்னொருவனாவது ஒழுங்காக இருக்க வேண்டாமா? சட்டைப் பையின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

லீக் தலைவர் மேடைக்கு வந்தார். கோரே ஆம்ப்ரோஸ் என்று வாசித்தார். பையன் எழுந்து அம்மாவைக் கட்டிக்கொண்டான், நம் பச்சைத் தொப்பியைத் தலையில் வைத்தான். தெருவில் எல்லோரும் ஹார்ன் அடித்தார்கள். எனக்குக் கண் கலங்கியது. "கேட்டியாடா?" என்றேன். பதில் வராத பிறகுதான் எழுந்தேன்.

இன்ஹேலரை அவன் வாயில் வைத்து இரண்டு தடவை அழுத்தினேன். உள்ளே இழுக்க மூச்சு வேண்டுமல்லவா. ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன். பிறகு இன்ஹேலரைத் துடைத்து ஜாக்கெட்டின் இடது பாக்கெட்டில் வைத்தேன், பதற்றத்தில் அவன் தேடாமல் விட்டான் என்று சொல்லிக்கொள்ள. அந்தப் பாக்கெட்டின் அடி கிழிந்திருக்கும், அதில் அவன் ஒரு சில்லறைகூடப் போடமாட்டான் என்று மார்னி உங்களிடம் சொன்னாளாம். எனக்கு அது தெரியாது. முப்பது வருடப் பழக்கத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்பே டிவியின் அடியில் எழுத்து ஓடியது. ஆம்ப்ரோஸை நாம் எடுத்த கையோடு வேறு அணிக்கு மாற்றிக் கொடுத்துவிட்டோம். பேரம் அதிகாரபூர்வமாகும் வரை, எடுத்த அணியின் தொப்பியைத்தான் பையன் போட வேண்டும். நம் தொப்பியோடு அவன் சிரித்துக்கொண்டிருந்தான். டிராஃப்டில் தொப்பியை நம்பக் கூடாது என்று ரசிகனுக்கெல்லாம் தெரியும். நான் நம்பிவிட்டேன்.

மார்னி சாப்பாட்டுப் பொட்டலங்களோடு வாசலில் நின்றதை மட்டும் என்னிடம் திரும்பக் கேட்காதீர்கள்.

ஆமாம், நான்தான் எடுத்தேன், நான்தான் கொடுக்கவில்லை. அவன் செத்துக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்தேதான் உட்கார்ந்திருந்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஆம்ப்ரோஸ் போனதற்கு மட்டும் என்னைப் பொறுப்பாக்காதீர்கள். கடிகாரம் ஓடி முடியும் வரை நான் அசையவில்லை. எழுந்தது ஆர்வில்தான்.