கூனி போடாத சம்பல்

எங்கள் பக்கத்தில் கூனி என்கிற காய்ந்த பொடி இறால் போட்ட சம்பல் இல்லாமல் ரொட்டி தொண்டையில் இறங்காது. இருந்தாலும் நான் பல வருடங்களாகக் கூனி போடாமல்தான் சம்பல் அரைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். எல்லாம் என்னோடு படிப்பிக்கும் மேர்வின் சேருக்காக. இறால், நண்டு, கூனி எதுவும் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. தொட்டால் கை தடிக்கும், தின்றால் மூச்சு அடைக்கும். எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்கள் பகல் சாப்பாட்டைப் பங்குபோட்டுத்தான் சாப்பிடுவோம். மற்றவர்கள் டப்பாவில் கைவைக்கும் முன் கூனி இருக்கிறதா என்று கேட்பார். என்னிடம் மட்டும் கேட்டதே இல்லை. அதில் எனக்குப் பெருமை, ஐயா.

நான் விலங்கியல் படிப்பிக்கிறேன். ஹட்டனில் அம்மாவுக்கு வாங்கிய கருவாட்டுப் பொதிக்குள் ஒருநாள் சிங்க இறால் மாதிரி ஒன்று காய்ந்து கிடந்தது. பெரிய கண்கள், கொடுக்கு இல்லை. பழைய புத்தகங்களைப் புரட்டி அது என்னவென்று கண்டுபிடித்தேன். அந்த இனம் கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன்பே அழிந்துவிட்டது, கல்லில் பதிந்த உருவம்தான் மிச்சம் என்று உலகம் நம்பியிருந்தது. அப்புறம் ஆழ்கடலில் உயிரோடு சில அகப்பட்டன. உருவம் பெரிதாக மாறவில்லையாம். மாறாதவற்றின்மேல் எனக்கு மரியாதை உண்டு.

அதை ஒருவருக்குத்தான் காட்டினேன். கொழும்பில் தனக்கு ஒரு பேராசிரியரைத் தெரியும் என்று சொல்லி, தாளில் சுற்றித் தரச்சொல்லி வாங்கிப்போனார் மேர்வின் சேர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் அவர் படம் வந்தது. தொட்டால் தடிக்கும் என்பதால், அதைச் சாப்பாட்டுத் தட்டில் வைத்துப் பிடித்திருந்தார். கண்டெடுத்தவர் அவர்தானாம். என் பெயர் எங்கேயும் இல்லை. கேட்டேன்.

"ஒங்க பேரப் போட்டா, லயத்துப் புள்ளன்னு யாரும் மதிக்கமாட்டாங்க டீச்சர். நமக்குள்ள என்ன இருக்கு?"

அவர் பிறந்ததும் எங்களுக்கு அடுத்த லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்தான். பேராசிரியர் சனிக்கிழமை வருகிறார், அதுவரை நீங்களே பத்திரமாக வைத்திருங்கள் என்று அதை என்னிடமே திருப்பித் தந்தார். கூட இருந்தே குழி பறித்தவர், காவலுக்கும் என்னையே வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் அதை அம்மியில் வைத்து அரைத்தேன். ஓடு கொஞ்சம் கெட்டி. தேங்காயும் செத்தல் மிளகாயும் வெங்காயமும் சேர்த்தேன். அவர் கண்டெடுத்ததாகச் சொன்ன பொருள் அவரிடமே போய்ச் சேருவதுதானே நியாயம்.

அன்றைக்கும் சேர் கேட்கவில்லை. இரண்டு தரம் எடுத்துப் போட்டுக்கொண்டார். "இன்னைக்கு நல்லாருக்கு டீச்சர்" என்றார். பிறகு உதடு வீங்கியது. பேச்சு வரவில்லை, என்னையே பார்த்தார். அவர் என் உதவியைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, தோட்டத்து லொறியைக் கூட்டிவர என்னையே அனுப்பினார்கள். சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டால் பிழைப்பார் என்று எனக்குத் தெரியும். டிரைவர் சோலைமலை லொறியில் சாய்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய மகளின் படிப்பைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினேன். திரும்பி வந்து, ஆள் இல்லை என்றேன்.

கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் துரோகம் செய்தவர் அவர். என்னை நம்பியவர்களை நான் ஒருநாளும் ஏமாற்றியதில்லை, ஐயா.