மேடத்துக்கு ஒரு டிராக் பேன்ட்

— எழுதி வெச்சுக்கோக்கா. துணி என்பது தட்டையான பரப்பு. உடம்பு என்பது வளைந்த பரப்பு. முன்னதைப் பின்னதன் மேல் பொருத்துவதற்குப் பெயர் தையல். இதில் கலையும் இல்லை, கண்ணீரும் இல்லை. மூணு வருஷம் மெக்கானிக்கல் படிச்ச தம்பி ஒருத்தன் வீட்டுல இருக்கும்போது, பொம்மைக்கு பேன்ட் தைக்க வரலன்னு நீ மூக்கை உறிஞ்சிக்கிட்டு உக்காந்திருக்கிறது மொத்தப் பொறியியல் துறைக்கும் அவமானம்.

— இது ஜலதோஷம்டா.

— காரணம் எதுவா இருந்தாலும் அவமானம் அவமானம்தான்.

— சரி சாமி. அந்த ஊசி டப்பாவை இப்படித் தள்ளு. நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு பாப்பா புது ஸ்கூலுக்குப் போகணும். முதல் வாரம் ஆளுக்கு ஒரு பொம்மை கொண்டு வரலாம்னு சொல்லியிருக்காங்க. மேடத்துக்கும் தன்னை மாதிரியே யூனிஃபார்ம் இல்லன்னா வாசப்படி தாண்ட மாட்டேங்கிறா உன் மருமக.

— மேடம்னா இந்த மொட்டை பொம்மையா?

— மாமா, மேடம் மொட்டை இல்ல. முடி வெட்டிக்கிட்டாங்க.

— வெட்டினது யாரு?

— நான்தான். ஏன்னா, அவங்க கேட்டாங்க.

— அது கேட்டுச்சா?

— அது இது சொல்லக் கூடாது மாமா. வாங்க போங்கன்னு சொல்லணும்.

— பிளாஸ்டிக்குக்கெல்லாம் நான் மரியாதை கொடுக்கிறதில்ல பாப்பா. கொள்கை. எங்க பிரின்சிபாலுக்கே யோசிச்சுத்தான் கொடுக்கிறேன்.

— குழந்தைகிட்ட வாயை வளக்காம இதைக் கேளு. பாப்பா டிராக் பேன்ட் நீளமா இருந்துச்சுன்னு கடை டெய்லர் ரெண்டு காலையும் வெட்டிக் குறைச்சாரு. அந்தத் துண்டு ரெண்டையும் கேட்டு வாங்கிட்டு வந்தேன். ஒண்ணு நேத்தே போச்சு. இது ஒண்ணுதான் மிச்சம். இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, கடையும் கிடையாது.

— போச்சுன்னா, எங்க போச்சு?

— இழுத்துப் பாரு. இப்படி இழுத்தா ரப்பர் மாதிரி வருதா? அப்படி இழுத்தா அசைய மாட்டேங்குது. நான் அது தெரியாம திருப்பிப் போட்டு வெட்டிட்டேன். உயரத்துக்கு நல்லா இழுபடுது, இடுப்புக்குப் பிடிவாதம் பிடிக்குது. மேடத்துக்கு முட்டிக்கு மேல ஏறல.

— ஆறு வருஷமா லேப்ல ஊர் ரத்தத்தை எல்லாம் உறிஞ்சிருக்க. நரம்பு எங்க இருக்குன்னு கண்ணை மூடிட்டுச் சொல்லுவ. துணி எந்தப் பக்கம் இழுபடும்னு தெரியாதா?

— நரம்பை யாரும் மடிச்சுத் தைக்கச் சொல்லலடா. மெஷின் வாங்கியே ஒன்பது நாள்தான் ஆகுது. சட்டை மட்டும் எப்படியோ அமைஞ்சுடுச்சு. பாரு, எப்படி இருக்கு?

— நல்லாத்தான் இருக்கு. இந்தக் கழுத்துப் பட்டையை எங்கயோ பார்த்த ஞாபகம்.

— உன் வெள்ளை சாக்ஸ்.

— ஜோடியில ஒண்ணைக் காணோம்னு நாலு நாளா கட்டிலுக்கு அடியில தவழ்ந்திட்டிருக்கேன். அதை மொட்டைக்குச் சட்டையா மாட்டிவிட்டிருக்க.

— மேடத்துக்கு.

— சரி பாப்பா, மேடத்துக்கு. ஆமா, அந்தச் சட்டையை மோந்து பார்த்தாங்களா மேடம்?

— ரெண்டு தடவை துவைச்சுட்டுத்தான் வெட்டினேன். குடு, போட்டுக் காட்டறேன். கையை லூசா விடுங்க மேடம். ஒண்ணும் வலிக்காது. அவ்வளவுதான், முடிஞ்சுது.

— அக்கா.

— என்ன?

— இப்ப யார்கிட்ட பேசின?

— பழக்கம்டா. தினம் அறுபது பேர்கிட்ட சொல்ற வாய்.

— நல்லவேளை, அந்த அறுபது பேர் இதைப் பார்க்கல. பொம்மைகிட்ட வலிக்காதுன்னு சமாதானம் சொல்ற ஒருத்திகிட்டதான் கையை நீட்டுறோம்னு தெரிஞ்சா, ரத்தம் கொடுக்கிறதுக்கு முன்னாடியே மயக்கம் போட்டுடுவாங்க.

— கிண்டல் பண்ணு. அப்புறம், கேக்கணும்னு இருந்தேன். மாடிக் கொடியில காயுதே உன் வாலிபால் டீம் டிராக் பேன்ட், அதுவும் இதே நீலம்தான். இதே துணி. ஓரத்துல கொஞ்சம்...

— அந்த வாக்கியத்தை முடிக்காதே. அது பேன்ட் இல்ல, வரலாறு. கல்லூரி அணியின் அதிகாரபூர்வ உடை. அதுமேல கத்திரிக்கோல் நிழல் விழுந்தாக்கூட நான் வீட்டை விட்டுப் போயிடுவேன்.

— மூணு வருஷமும் பெஞ்சுலதானே உக்காந்திருந்த? பின்பக்கம்தான் தேஞ்சிருக்கும். கால் ரெண்டும் புத்தம் புதுசு.

— ரிசர்வ் ஆட்டக்காரன்னு அதுக்குப் பேரு. போகட்டும், உனக்குப் புரியாது. தள்ளு, நான் தைக்கிறேன். இழுபடுற பக்கம் இடுப்புக்கு, சரியா? வெட்டியாச்சு. மேடத்தோட இடுப்பு வெர்னியர்ல பதினொண்ணு புள்ளி நாலு சென்டிமீட்டர். மில்லிமீட்டர் பிசகாது.

— ஊசியை மாத்துடா. இந்தத் துணிக்கு முனை மழுங்கின ஊசி போடணும்னு டெய்லர் சொன்னாரு. கூர் ஊசி துணியோட நூலையே குத்தி அறுத்துடுமாம்.

— மழுங்கின ஊசியால குத்துறதெல்லாம் உங்க லேப் வழக்கம். நான் கூர்மையான வம்சம்.

— துணியை இழுத்துப் பிடிக்காதே. அடியில ஒரு பேப்பர் துண்டு வெச்சு, வளைஞ்சு வளைஞ்சு போற தையலைப் போடணும். துணி தானாப் போகும், நாம வழி மட்டும் காட்டினாப் போதும்னு சொன்னாரு.

— வளைஞ்சு போறது ஆறு. தையல் நேராப் போகும். துணிக்கு வழி காட்டுறதாம்ல. அது என்ன, ஊருக்குப் புதுசா வந்த விருந்தாளியா? இழுத்து விறைப்பா பிடி, மிதி, முடிஞ்சுது. இந்தா, பார்த்துக்கோ. ஏழே நிமிஷம்.

— மாமா, ஓரம் ஏன் அலை அலையா இருக்கு?

— அது டிசைன் பாப்பா.

— என் பேன்ட்டுல அந்த டிசைன் இல்லையே.

— உன்னுது பழைய மாடல்.

— ஏறுதா பாரு முதல்ல. மெதுவா, மெதுவா. என்னடா, பட்டுனு ஒரு சத்தம்?

— மேடத்தோட மூட்டு. வயசாயிடுச்சில்ல.

— மூட்டு இல்ல, நூலு. திருப்பிப் பாரு, பின்னாடி முழுசா பிளந்து நிக்குது. துணி இழுபடுது, உன் நேர்க்கோடு இழுபடல. அதுக்குத்தான் வளைஞ்சு போற தையல். சரி, துணிக்கு ஒண்ணும் ஆகல. மிச்சத் தையலைப் பொறுமையாப் பிரிச்சுட்டு மறுபடி போடலாம். ஊசி முனையால ஒவ்வொண்ணா எடு.

— ஒவ்வொண்ணா எடுக்கிறது கற்காலம். பிளேடு எங்க?

— பிளேடு வேண்டாம்டா. துணி சுருண்டுக்கிட்டுக் கிடக்கு, எது தையல், எது துணின்னே தெரியாது. நான் பாப்பா பையில பேர் எழுதிட்டு வரேன், அதுவரைக்கும் நீ ஒண்ணும் பண்ணாதே.

— போயிட்டு வா.

— பேர் எழுதியாச்சு. என்னடா, கையைப் பின்னாடி ஒளிச்சு வெச்சிருக்க?

— அக்கா, ஒரு சந்தேகம். இந்த யூனிஃபார்ம்ல காத்தோட்டத்துக்கு எங்கயாவது ஓட்டை வெச்சிருக்காங்களா?

— எவ்வளவு பெரிய ஓட்டை?

— மேடம் தலையை விட்டு எட்டிப் பார்க்கிற அளவுக்கு.

— கொடு இங்க. கடவுளே. குறுக்க அறுத்து வெச்சிருக்க. இதை எதுவும் பண்ண முடியாது. தெரியுதா, இதுதான் கடைசித் துண்டு.

— தெரியும்.

— பரவாயில்ல மாமா. நானும் மேடமும் வீட்டுலயே இருந்துக்கிறோம்.

— அப்படி இல்ல பாப்பா. நீ போகணும்ல? ஸ்கூல்னா ஜாலியா இருக்கும். பயமா என்ன?

— எனக்கு இல்ல. மேடத்துக்குத்தான். ஏன்னா, அங்க அவங்களுக்கு யாரையும் தெரியாது. ஒரே மாதிரி டிரஸ் இருந்தா, ஏற்கெனவே அந்த ஸ்கூல்ல இருக்கிறவங்கன்னு எல்லாரும் நினைச்சுப்பாங்க.

— என்னடா, எழுந்துட்ட?

— மாடிக்குப் போறேன். கொஞ்சம் சிந்திக்கணும்.

— சிந்திக்கக் கத்திரிக்கோல் எதுக்கு?

— யோசிக்கிறப்ப கையில ஏதாவது இருக்கணும்க்கா. பேராசிரியர்களுக்கு சாக்பீஸ், எனக்கு இது.

— போ. போய் நல்லா யோசி. பாப்பா, நீ சாப்பிட வா. அழக் கூடாது, நாளைக்கு அம்மாவும் கூட வந்து கொஞ்ச நேரம் உக்காந்திருப்பேன். மேடத்தையும் மடியில வெச்சுக்கோ. கொஞ்சம் சாப்பிடு. இன்னும் ஒரு வாய். அவ்வளவுதான்.

— வந்துட்டேன்.

— யோசிச்சாச்சா? சட்டைக்குள்ள என்ன, வயிறு ஒரு பக்கமா வீங்கியிருக்கு?

— சிந்தனை. பாப்பா, மேடத்தை ஒரு பத்து நிமிஷம் இங்க விட்டுட்டுப் போ. அளவு எடுக்கணும்.

— எதுக்கு அளவு? துணிதான் இல்லையே.

— ஆராய்ச்சிக்கு. அக்கா, வானம் இருட்டிக்கிட்டு வருது. கொடியில துணி கிடக்குதே, பாப்பாவைக் கூட்டிட்டுப் போய் எடுத்துட்டு வந்துடு. அவசரமில்ல. மெதுவா ஒவ்வொண்ணா மடிச்சு எடு.

— மழை வரும்னு சொல்ற, மெதுவா எடுன்னு சொல்ற. வா பாப்பா, உங்க மாமாவுக்கு என்னமோ ஆயிடுச்சு.

— ம். போயாச்சு. முனை மழுங்கின ஊசி, சரி. அடியில பேப்பர், சரி. வளைஞ்சு போற தையல். நான் இழுக்கல, நீயாப் போ. அப்படித்தான். இந்தப் பக்கம். அட, போகுதே. கொஞ்சம் திரும்பிக்கோ. நல்ல துணிடா நீ.

— டேய், கேக்குதா? கொடியில உன் டீம் பேன்ட் ஒத்தைக் காலோட தொங்குது.

— அப்படியாக்கா? காத்துல கிழிஞ்சிருக்கும்.

— காத்து இவ்வளவு நேரா வெட்டுமா?

— கொஞ்சம் படிச்ச காத்தா இருக்கும்.

— மாமா, மேடம் அங்க என்ன பண்றாங்க?

— சும்மா உக்காந்திருக்காங்க பாப்பா. நீங்க ரெண்டு பேரும் மெதுவாப் படியிறங்கி வாங்க.

— உனக்கு இருக்குடா. நான் கீழ வந்து பேசிக்கிறேன்.

— காலை லூசா விடுங்க மேடம். ஒண்ணும் வலிக்காது.